கோல்ட்சியஸின் ஹெர்குலிஸ் மர அச்சு: வெளிச்சத்தை எந்தக் கட்டையில் செதுக்குவது?

கடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச காலமாக லினோ (செதுக்கி அச்சடிக்க வசதியான மெத்தென்ற தகடு) வெட்டுகிறார்கள். துறைமுகத்துப் படகு, மத்தி மீன், பண்ருட்டிப் பலா, தேவனாம்பட்டினத்து அலை என்று கறுப்பு மையில் அடித்து வகுப்பறைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறோம். கை நன்றாகப் பழகிவிட்டது. அடுத்து, ஒரே படத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகளில் அச்சடிக்கச் சொல்லித்தர ஆசை.

அதற்கு மாதிரி தேடியபோது ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் என்ற டச்சுக் கலைஞர் 1588இல் செய்த 'ஹெர்குலிஸும் காகஸும்' கிடைத்தது. மூன்று கட்டைகளில் அடித்த ஒளிநிழல் மர அச்சு, கியாரோஸ்கூரோ என்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் இந்த மாதிரிப் படங்களையெல்லாம் தன் தளத்தில் பெரிய அளவில் இலவசமாகவே வைத்திருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஹெர்குலிஸின் முதுகிலும் தொடையிலும் தசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரண்டு நிற்கிறது. மொத்தமே ஒரு கறுப்பும் இரண்டு நிறமும்தான் என்பதை நம்ப முடியவில்லை.

கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஹெர்குலிஸ் கெரியோனின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறான். டைபர் ஆற்றங்கரையில் களைத்துப் படுத்திருக்கும்போது, குகையில் வாழ்ந்து வாயால் நெருப்பும் புகையும் கக்கும் காகஸ் சில மாடுகளைத் திருடிவிடுகிறான். குளம்புத் தடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாலைப் பிடித்துப் பின்பக்கமாகவே குகைக்குள் இழுத்துப் போகிறான். உள்ளேயிருந்து ஒரு மாடு கத்தப் போய்த்தான் விஷயம் வெளியே வருகிறது. நம் வெட்சியும் கரந்தையும் நினைவுக்கு வராமல் இருக்குமா? பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இதைத்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

நான் கேட்க நினைப்பது இதுதான். தோளிலும் முட்டியிலும் மின்னுகிற வெள்ளைக்குத் தனி மை உண்டா? மூன்று கட்டைகளும் எந்த வரிசையில் காகிதத்தில் விழும்? இத்தனை கோடும் நிறமும் நகராமல் எப்படிச் சேர்கின்றன? இன்னொன்று: இதே படத்தை ஒரு இடத்தில் காவியும் பச்சையுமாகப் பார்த்தேன், வேறொரு இடத்தில் வேறு நிறங்களில் பார்த்தேன். எது சரியான நிறம்?

மிதியச்சு எழுதியது:

டீச்சரம்மா, வணக்கம். மஞ்சக்குப்பத்தில் அச்சகம் வைத்திருந்தவன். எல்லாம் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சுக் காலம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காலண்டர் அட்டை என்று அடித்த கை. வெளிநாட்டு ஓவியர்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கட்டையும் காகிதமும் சேருகிற சங்கதியை நான் சொல்கிறேன்.

இதில் பாதி வேலை ரெஜிஸ்டர்தான், அதாவது ஒவ்வொரு கட்டையும் தாளில் அதனதன் இடத்தில் நகராமல் விழுவது. அது சேரவில்லை என்றால் எவ்வளவு நன்றாகச் செதுக்கினாலும் வீண். இரண்டு நிறத்தில் பிள்ளையார் அடிக்கும்போது நூலளவு நகர்ந்தாலே கண்ணில் இருக்க வேண்டிய கறுப்பு கன்னத்துக்கு வந்துவிடும்.

முதலில், மூன்று கட்டையும் நீளம், அகலம், கனம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளிக்கு லினோ போதும். ஆனால் ஒரே பிளைவுட் பலகையிலிருந்து அறுத்த துண்டுகளில் லினோவை ஒட்டிவிடுங்கள். ஓரம் நான்கும் செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, கறுப்புக் கோட்டுக் கட்டையை முழுவதும் செதுக்கி முடித்த பிறகே மற்ற இரண்டையும் தொட வேண்டும். கோட்டுக் கட்டையில் மை தடவி ஒரு தாளில் அடியுங்கள். மை காய்வதற்குள் அந்தத் தாளை இரண்டாவது கட்டை மேல் கவிழ்த்து நன்றாகத் தேய்த்தால் கோடு முழுவதும் அதில் இறங்கிவிடும். கோட்டுக் கட்டையில் படம் இடவலம் மாறியிருக்கும், தாளில் நேராகும், இரண்டாவது கட்டையில் மறுபடி மாறும். அதாவது முதல் கட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே வந்து உட்காரும். மூன்றாவது கட்டைக்கும் இதே வழி. டிரேசிங் தாளில் வரைந்து மாற்றினால் இந்தத் துல்லியம் கிடைக்காது. கையால் வரையும்போது கோடு எங்காவது நகரத்தான் செய்யும்.

அப்புறம், ஒரு பெரிய பலகையில் இரண்டு சட்டத்தைச் செங்கோணமாகச் சேர்த்து அடித்துவிடுங்கள். எந்தக் கட்டை வந்தாலும் அந்த மூலையில் முட்டி உட்கார வேண்டும். காகிதம் முட்டுவதற்கு அதே பலகையில் மெல்லிய அட்டைத் துண்டுகளைத் தனியாக ஒட்டுங்கள். எந்த மூலை முதல் தடவை முட்டியதோ அதே மூலைதான் மூன்று தடவையும் முட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு மறக்கும், அதனால் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் அந்த மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடச் சொல்லுங்கள்.

வரிசை: வெளிறிய நிறம் முதலில், நடு நிறம் அடுத்து, கறுப்புக் கோடு கடைசியில். நடுவில் விரலால் தொட்டால் மை ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் காலத்தில் நனைத்த தாளில் அடித்திருக்கிறார்கள். நனைந்தால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு கட்டையை இன்றைக்கும் அடுத்த கட்டையை நாளைக்கும் அடித்தால், நடுவில் சுருங்கிய தாளை எந்த மூலையில் முட்டினாலும் கோடு சேராது. பிள்ளைகள் உலர்ந்த தாளிலேயே அடிக்கட்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் தாள் தானாகவே காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். அந்த மாதங்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தை பிறக்கட்டும்.

அரியாங்குப்பத்துக்காரன் எழுதியது:

ஐயா சொன்ன ரெஜிஸ்டர் முறைக்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. ஈர மையைக் கவிழ்த்து மாற்றுவதுதான் பழைய அச்சுக்காரர்களும் செய்தது.

டீச்சர், நான் இங்கே பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவன். அந்த நாளிலிருந்து மர அச்சை விட்டு வேறெதிலும் மனம் போகவில்லை. நீங்கள் வெள்ளையைப் பற்றிக் கேட்டதை வைத்தே தொடங்குகிறேன். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

வெள்ளை மை கிடையாது. அது காகிதம்.

உங்கள் பிள்ளைகள் இதுவரை செய்ததை யோசித்துப் பாருங்கள். கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். படகின் ஓரம் வேண்டுமென்றால் அந்த ஓரத்தில் உளி படக்கூடாது. இப்போது கோல்ட்சியஸின் வெளிறிய நிறக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ படம் முழுவதும் பரவி நிற்கும் சமதளம். அதில் ஹெர்குலிஸின் தோள்மேட்டில் மட்டும் ஒரு பிறை வடிவத்தைச் செதுக்கி எடுத்தால் அங்கே மை ஏறாது. அச்சில் காகிதத்தின் வெள்ளை அப்படியே தெரியும். சுற்றிலும் காவி இருப்பதால் அந்த வெள்ளை சாதாரண வெள்ளையாக இருக்காது, வெயிலாக மாறிவிடும். கோட்டுக் கட்டையில் உளி படாத இடம் படம். நிறக் கட்டையில் உளி பட்ட இடம் வெளிச்சம். பிள்ளைகளின் கை பழகிய வேலைக்கு நேர் எதிர் வேலை இது, அதனால் அவர்கள் முதலில் திணறுவார்கள். திணறட்டும். அது பிடிபடுகிற நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே இந்த வேலையைச் சொல்லித்தரலாம்.

நடு நிறக் கட்டை நிழலுக்கு. அதில் தாடைக்குக் கீழே, அக்குளில், காலுக்குப் பின்னால், குகையின் ஆழத்தில் மட்டும் மரம் மேலே நிற்கும். இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இருட்டு கூடும். ஆக, காகித வெள்ளை, வெளிறிய நிறம், அதன்மேல் நடு நிறம், கறுப்பு என்று நான்கு படிகள் கிடைக்கின்றன. மூன்று மைக்கு நான்கு படி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்றைய ஓவியர்களிடம் நிறம் பூசிய காகிதத்தில் வரையும் பழக்கம் இருந்தது. காகிதத்தின் நிறம் நடுத்தரமாக நிற்கும், பேனா மையால் இருட்டு, வெள்ளை வண்ணத்தால் வெளிச்சம். அந்த மாதிரி ஓவியத்தை அச்சில் கொண்டுவரத்தான் 1500களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் போட்டி நடந்தது. சாக்சனி இளவரசரின் அரசவை ஓவியர் லூக்காஸ் கிரானாக் ஒரு பக்கம், ஆக்ஸ்பர்க் நகரத்து ஹான்ஸ் புர்க்மைர் மறுபக்கம். கிரானாக்கின் 'வீனஸும் க்யூபிடும்' மர அச்சில் 1506 என்று ஆண்டு வெட்டியிருக்கிறது. ஆனால் அதே படத்தில் சிறகு வைத்த பாம்பு முத்திரையும் இருக்கிறது. அந்த முத்திரையை இளவரசர் அவருக்கு அளித்தது 1508இல். அதனால், முதலில் செய்தவர் என்ற பெயருக்காக ஆண்டை முன்னால் தள்ளிப் போட்டார் என்பதுதான் அறிஞர்கள் பலரின் கருத்து. காதல் தெய்வத்தின் படத்துக்குள் இப்படி ஒரு தொழில் போட்டி ஒளிந்திருக்கிறது.

1510இல் புர்க்மைர் 'மரணம் திடுக்கிட வைத்த காதலர்கள்' என்ற படத்தை வெளியிட்டார். அதில் கோட்டுக் கட்டை தனியாக நின்று படத்தைச் சொல்லாது. மூன்று கட்டையும் சேர்ந்தால்தான் உருவமே வரும். அதைச் செதுக்கியவர் யோஸ்ட் டி நெக்கர். பின்னாளில் வந்த பிரதிகளில் அவர் தன் பெயரையே பொறித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. ஓவியர் வரைந்து கொடுப்பார், சரி. ஆனால் வெளிச்சத்தின் ஓரம் கூர்மையாக நிற்க வேண்டுமா, மெல்லக் கரைய வேண்டுமா என்பதை உளி பிடித்தவன் கைதான் முடிவு செய்தது. அப்படிப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர் நமக்கு வந்து சேரவே இல்லை. பிள்ளைகள் அச்சின் கீழே பெயர் எழுதும்போது, வரைந்தவர், செதுக்கியவர், அச்சடித்தவர் என்று மூவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இதை நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தாலிக்கு வந்தால் ஊகோ தா கார்ப்பி. 1516இல் வெனிஸ் செனட்டுக்கு மனுப் போட்டு, ஒளியும் நிழலுமாக அச்சடிக்கும் புது வழியைக் கண்டுபிடித்திருக்கிறேன், மற்றவர்கள் இதைச் செய்யத் தடை வேண்டும் என்று கேட்டவர். ஜெர்மானியர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்றாலும், இந்த முறையை ஓவியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதில் அவருக்கு நிகர் இல்லை. பால்டசாரே பெருட்சி வரைந்ததை வைத்து அவர் செதுக்கிய ஒரு படத்தில், கலைத்தேவியரின் கோயிலிலிருந்து ஹெர்குலிஸ் பேராசையை அடித்துத் துரத்துகிறான். உங்கள் ஹெர்குலிஸ் பாடத்துக்கு அதையும் சேர்த்துக் காட்டலாம். ராஃபேல் வரைந்ததை வைத்து 1518இல் செய்த 'ஈனியாஸும் அன்கைசிஸும்' இன்னொன்று. ட்ராய் நகரம் எரியும்போது மகன் கிழத் தந்தையைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறான். அதில் பொறித்திருக்கும் வாசகத்தையும் வகுப்பில் சொல்லுங்கள்: அனுமதி இல்லாமல் யாராவது இதை அச்சடித்தால், போப் பத்தாம் லியோவின் ஆணைப்படியும் வெனிஸ் ஆட்சியாளரின் ஆணைப்படியும் சபை விலக்கமும் மற்ற தண்டனைகளும் உண்டு. திருட்டுப் பதிப்புக்கு அன்றைக்கு அவ்வளவு பயம்.

ஊகோவின் உச்சம் என்று நான் நினைப்பது 'டயோஜீனிஸ்'. புராணம் இல்லை, கிரேக்க ஞானி. 1520களின் கடைசியில், இத்தாலிய ஓவியர் பார்மிஜானீனோவின் ஓவியத்தை வைத்து நான்கு கட்டைகளில் செய்தது. உயரம் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். மனிதன் என்றால் இறகில்லாத இருகால் பிராணி என்று பிளேட்டோ சொல்ல, டயோஜீனிஸ் ஒரு கோழியின் இறகைப் பிடுங்கிக் கொண்டுவந்து இதோ உங்கள் மனிதன் என்று காட்டிய கதை. அந்த மொட்டைக் கோழி படத்தில் நிற்கிறது. டயோஜீனிஸின் மேலாடை காற்றில் சுழல்வதைப் பாருங்கள். அங்கே கோடு எது, நிறம் எது என்று பிரிக்கவே முடியாது. நான்கு கட்டையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன. பெரிதாக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் உங்கள் வகுப்புக்கு டயோஜீனிஸ் வேண்டாம். கோல்ட்சியஸ்தான் சரி. அவருடைய கோட்டுக் கட்டை தனியாகவே முழுப் படத்தையும் தாங்கும். செப்புத்தகட்டில் செதுக்கிப் பழகிய கை அது. கோடு தடித்தும் மெலிந்தும் ஓடி, தசையைப் பாதி சொல்லிவிடும். நிறக் கட்டைகள் மீதியைச் சொன்னால் போதும். நிறக் கட்டையில் பிள்ளைகள் கொஞ்சம் முன்பின் வெட்டினாலும் படம் கெடாது. 1590ஐ ஒட்டி நீள்வட்ட வடிவில் அவர் செய்த புளூட்டோ, ப்ராசர்பினா, இரவுத் தேவி நாக்ஸ் படங்களும் இந்த வகைதான்.

அதற்கும் முன்னால் இரண்டு கட்டை மட்டும் வைத்து ஒரு பயிற்சி கொடுங்கள். அன்டோனியோ தா ட்ரென்டோ என்பவர் பார்மிஜானீனோவுக்காகச் செதுக்கிய 'நார்சிசஸ்' அதற்கு நல்ல மாதிரி. பெயர்தான் நார்சிசஸ், முகம் தெரியாது. நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன், சுற்றிலும் இயற்கைக் காட்சி. ஒரு கோட்டுக் கட்டை, ஒரு நிறக் கட்டை. முதுகின் வளைவு முழுவதும் வெட்டி எடுத்த வெள்ளையால்தான் நிற்கிறது. இந்த அன்டோனியோவைப் பற்றி, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். போலோனியாவில் பார்மிஜானீனோ ஒருநாள் காலையில் படுக்கையில் இருக்கும்போதே, அன்டோனியோ அவருடைய செப்புத் தகடு, அச்சு, ஓவியம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டாராம். அச்சுகள் திரும்பக் கிடைத்தன, ஓவியங்கள் கிடைக்கவில்லை.

சின்னவாய்க்கால் எழுதியது:

பள்ளி என்பதால் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இந்தப் புராண உருவங்கள் பெரும்பாலும் ஆடையில்லாமல்தான் இருக்கின்றன. பெற்றோர் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? அப்புறம், தாள். எங்கள் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலையில் பருத்திக் கந்தலில் செய்த தாள் கிடைக்கிறது. ஐரோப்பாவில் அன்று பயன்படுத்தியதும் கந்தல் துணித் தாள்தானே, மரக்கூழ்த் தாள் இல்லையே. கடலூரிலிருந்து ஒரு பேருந்து தூரம்தான், வந்து தொட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

கடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உளி பட்ட இடம் வெளிச்சம் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஆடை விஷயம் எனக்கும் தோன்றியதுதான். கோல்ட்சியஸைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், அதுவும் தோள், கை, குகை என்று துண்டு துண்டாகப் பெரிதாக்கி. செதுக்கப்போவது பிள்ளைகளே வரைந்த கரந்தைக் காட்சி. விழுப்புரம், செங்கம் பக்கம் ஆநிரை மீட்டு இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் இருக்கின்றன அல்லவா, வில்லும் வாளுமாக வீரன் நிற்பது. அந்த நிலையை எடுத்துக்கொண்டு, பின்னால் மாடுகள், பக்கவாட்டில் சாயங்கால வெயில் என்று ஒருத்தி வரைந்து வந்திருக்கிறாள். மிகவும் நன்றாக இருக்கிறது. அவளுக்கு அந்த வெயிலை எந்தப் பக்கத்திலிருந்து விடுவது என்பதில்தான் குழப்பம். நிறம் பற்றிக் கேட்டேனே, அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

அரியாங்குப்பத்துக்காரன் எழுதியது:

சரியான நிறம் என்று ஒன்று கிடையாது டீச்சர். இதை நான் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள். அந்தக் கலையின் இயல்பே அதுதான். கட்டைகள் செதுக்கி முடிந்தபின் அச்சடிப்பவர் ஒருநாள் காவி எடுப்பார், இன்னொரு நாள் பச்சை, வேறொரு நாள் நீலச் சாம்பல். ஒரே கட்டைகளில் வெவ்வேறு நிறச் சேர்க்கையில் அடித்த பிரதிகள் வெவ்வேறு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நீங்கள் பார்த்த இரண்டும் உண்மையான பிரதிகளாகவே இருக்கலாம். நிறம் எதுவானாலும் மாறக்கூடாதது ஒன்றுதான். இரண்டு நிறத்துக்கும் நடுவில் உள்ள தூரம். வெளிறியது போதிய அளவு வெளிறியிருக்க வேண்டும், நடு நிறம் அதைவிடத் தெளிவாக இருண்டிருக்க வேண்டும். படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தச் சேர்க்கை உதவாது. ஒரே நிறத்தின் இரண்டு படிகளாக, அதாவது வெளிர்காவியும் அடர்காவியுமாக, எடுத்தால் பிள்ளைகளுக்கு இது எளிது. இத்தாலியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். காவியையும் பச்சையையும் பக்கத்தில் வைத்துச் சமாளிக்க கோல்ட்சியஸின் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்கப் பழகுங்கள். பழைய கட்டைகள் கைமாறி, பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சாகியிருக்கின்றன. மாந்துவா நகரத்தில் இருந்த ஆந்த்ரேயா ஆந்த்ரேயானி முந்தைய தலைமுறையின் கட்டைகளை வாங்கி, தன் முத்திரையைச் சேர்த்து 1600களின் தொடக்கத்தில் மறுபடி அடித்தார். அப்படிப்பட்ட பிற்காலப் பிரதிகளில் கோடு ஆங்காங்கே முறிந்திருக்கும். மரத்தைப் பூச்சி அரித்த துளைகள் நிறத்துக்கு நடுவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருக்கும். அதைப் பிள்ளைகள் வெளிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆந்த்ரேயானி பெரிய கலைஞரும்கூட. மான்டெக்னாவின் 'சீசரின் வெற்றி ஊர்வலம்' ஓவியங்களை 1599இல் அச்சுக்குக் கொண்டுவந்தது அவர்தான். அவர் மறுபடி அடிக்காமல் விட்டிருந்தால் பழைய படங்கள் இவ்வளவு பரவியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அந்தப் பெண்ணின் வெயிலுக்கு வருகிறேன். வெயிலை வீரனுக்குப் பின்னால் வைக்க வேண்டாம். வைத்தால் உருவம் முழுவதும் இருண்டு, செதுக்குவதற்கு வெளிச்சமே இருக்காது. நேர் எதிரில் வைத்தால் உருவம் தட்டையாகிவிடும். ஒரு பக்கத்தில், தலையைவிடச் சற்று உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்போது நெற்றி, ஒரு தோள், வாளின் ஓரம், மாட்டின் முதுகுத் தண்டு, கொம்பின் நுனி இவ்வளவும் வெள்ளைக்கு வரும். அதற்குமேல் வெள்ளையைச் செதுக்க விடாதீர்கள். கோல்ட்சியஸின் படத்தில் தூய வெள்ளை எங்கெல்லாம் இருக்கிறது என்று பிள்ளைகளை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வியப்பாக இருக்கும், அவ்வளவு குறைவு. வெளிச்சத்தைச் சிக்கனமாகச் செலவழித்ததால்தான் அந்த உடம்புக்கு அத்தனை கனம்.

செதுக்கும் முன் ஒரு வேலை. அவள் படத்தைக் காவி நிறச் சார்ட் தாளில் மறுபடி வரையட்டும். இருட்டுக்குக் கறுப்பு மை, வெளிச்சத்துக்கு வெள்ளைப் போஸ்டர் கலர். வேறு நிறமே வேண்டாம். வெள்ளை வைத்த இடமெல்லாம் வெளிறிய கட்டையில் தோண்ட வேண்டிய இடம். அந்தத் தாளே அவளுக்கு வரைபடம்.

மிதியச்சு எழுதியது:

தம்பி சொன்ன சார்ட் தாள் யோசனை அருமை. நான் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நிறக் கட்டைக்கு மை மிக மெல்லியதாக இருக்க வேண்டும். கோட்டுக் கட்டைக்குப் போடுவதுபோல் போட்டால், செதுக்கிய சின்னப் பிறைகளுக்குள் மை வழிந்து வெளிச்சம் அடைத்துப்போகும். ரோலரைக் கண்ணாடியில் உருட்டும்போது சத்தத்தைக் கேளுங்கள். சளசள என்று கேட்டால் மை அதிகம். மெல்லிய உரசலாகக் கேட்க வேண்டும். வெளிறிய நிறம் வேண்டுமென்றால் வெள்ளை மையை அள்ளிக் கலக்காதீர்கள், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிவிடும். நிறமில்லாத மீடியம் விற்கிறது, அதில் துளி காவி விட்டால் போதும். அடியில் இருப்பது தெரியும்படி நிறம் கண்ணாடித்தனமாக நிற்கும்.

தோண்டும் ஆழத்தையும் கவனியுங்கள். அகலமான வெள்ளை இடத்தை ஆழமாகத் தோண்ட வேண்டும், இல்லையென்றால் தாள் தொங்கி அடியில் தொட்டுக் கறை படும். நூல்போன்ற வெள்ளைக்கு ஆழம் தேவையில்லை, சுவர் சரிவாக இருந்தால் போதும். நேராகத் தோண்டினால் ஓரம் உடைந்துவிடும்.

முதலில் பழைய நோட்டுத் தாளில் புரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுங்கள். மூன்று கட்டையும் சேர்ந்து வந்த பிறகு கைக்காகிதத்தைத் தொடலாம். தை மாதம் அடிக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், மஞ்சக்குப்பத்திலிருந்து வந்து காகிதம் வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கட்டையில் மை போடட்டும்.